மணிக்கட்டில் ஒரு சாட்சி



நடராசப் பெருமானின் திருவுருவத்தை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். தூக்கிய திருவடியைத் தொழுகின்ற நாம், ஊன்றிய திருவடியின் கீழே கிடக்கும் சிறிய உருவத்தை அவ்வளவாக உற்றுப் பார்ப்பதில்லை. அவனுக்கு முயலகன் என்று பெயர். வடமொழியில் அபஸ்மாரன் என்பார்கள். இவ்விரு பெயர்களும் பழைய நூல்களில் ஒரு நோயையும் குறிக்கும். அதுதான் நாம் வலிப்பு என்று சொல்லும் நோய். மழநாட்டுத் தலைவன் கொல்லி மழவனின் மகளை முயலகன் என்னும் நோய் பற்றியிருந்தது என்றும், திருஞானசம்பந்தர் திருப்பாச்சிலாச்சிராமத்தில் பதிகம் பாடி அப்பெண்ணை நலமாக்கினார் என்றும் பெரிய புராணம் கூறுகின்றது. அத்தலம் இன்று திருச்சிக்கு அருகே திருவாசி என்னும் பெயரில் விளங்குகின்றது.

ஒரு நோயை ஏன் பூதமாக நினைத்தார்கள்? காய்ச்சல் வந்தால் உடம்பு நாள் முழுதும் சுடுகின்றது. புண் வந்தால் கண்ணுக்குத் தெரிகின்றது. வலிப்போ எங்கிருந்தோ வந்து, ஆளை வீழ்த்தி, சில நிமிடங்களில் போய்விடுகின்றது. போன பின்னர் அந்த ஆள் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். உடம்பில் ஓர் அடையாளமும் இல்லை. வந்து போகின்ற ஒன்றைப் பேய் என்று நினைத்ததில் வியப்பில்லை. ஏறக்குறைய 2,400 ஆண்டுகளுக்கு முன்னரே கிரேக்க நாட்டில் இப்போகிரட்டீசின் மரபினர் எழுதிய ஒரு நூல், இது தெய்வக் குற்றமன்று, மூளையிலிருந்து வரும் நோய் என்று வாதாடியது. ஆனால் வாதாடியவர்களிடமும் காட்டுவதற்குச் சான்று கிடையாது.

நம் தோட்டங்களில் இதற்குக் காக்காய் வலிப்பு என்று பெயர். மலாய்க்காரர்களிடையே பன்றியின் பெயரைச் சேர்த்து வழங்கிய பழைய சொல் ஒன்று உண்டு. சீனர்கள் ஆட்டின் பெயரைச் சேர்த்தார்கள். பன்றி, ஆடு என்று அவர்கள் நோயாளியை விலங்குகளோடு சேர்த்துவிட்டார்கள். லயத்தில் யாருக்காவது வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி ஓடுவதும், பால் வெட்டும் கத்தியைக் கையில் திணிப்பதும் நாம் சிறுவயதில் கண்ட காட்சிகள். இரும்பைப் பிடித்தால் வலிப்பு நிற்கும் என்பது நம்பிக்கை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. சாவியைத் தேடி எடுத்து வருவதற்கும் அவ்வளவு நேரம்தான் பிடிக்கும். இப்படித்தான் சாவி புகழ் பெற்றது.

இந்த வந்து போகும் நோய்களை மனிதன் எப்படிப் பிடித்து நிறுத்திப் படித்தான், உடம்பில் அணிந்துகொள்ளும் கருவிகள் அதற்கு எப்படி வந்து சேர்ந்தன என்னும் வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறோம். ஆனால் அதற்கு முன் நம் வகுப்பறையில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டியுள்ளது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நேர்மையாகாது.

தாப்பா வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் நாம் மூன்றாம் ஆண்டு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த காலம். ஒரு சிறுமி. கெட்டிக்காரி என்றும் சொல்ல முடியாது, மந்தம் என்றும் சொல்ல முடியாது. வாசித்துக்கொண்டே இருப்பாள், சட்டென்று நிறுத்திவிடுவாள். சன்னலைப் பார்ப்பாள். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டாள். பத்துப் பதினைந்து விநாடி கழித்து, ஒன்றும் நடவாதது போல விட்ட இடத்திலிருந்து வாசிப்பாள். பகற்கனவு என்று நாம் முடிவு கட்டினோம். அதட்டினோம். பலமுறை எழுந்து நிற்க வைத்தோம். ஒருமுறை நின்றுகொண்டிருக்கும்போதே அவள் அப்படி வெறித்துப் பார்த்தாள். நாம் அதைத் திமிர் என்று எண்ணினோம்.

அவள் தாயாரை அழைத்துச் சொன்னபோது அந்த அம்மா, "வீட்டுலயும் இப்படித்தான் சார், கூப்பிட்டாக் காது கேக்காத மாதிரி நிப்பா, நான் வேற ரெண்டு அடி வச்சிட்டேன்" என்றார். காது சரியில்லை போலும் என்று எண்ணித்தான் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அங்கிருந்து ஈப்போவுக்கு அனுப்பினார்கள். தாப்பாவிலிருந்து ஈப்போ ஏறக்குறைய 60 கிலோமீட்டர். செம்பனைக் குலை பொறுக்கும் தாய்க்கு அது ஒரு நாள் கூலி. நாமும் துணைக்குப் போனோம். மருத்துவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை முறை இப்படி வருகிறது?" என்றார். தாயார் நம்மைப் பார்த்தார். காலை ஏழரை மணி முதல் ஒரு மணி வரை அந்தப் பிள்ளையைக் கண்ணெதிரே வைத்திருந்தவர்கள் நாம். எத்தனை முறை அதட்டினோம் என்றுகூட நமக்குக் கணக்குத் தெரியவில்லை.

மருத்துவர் அவள் கையில் ஒரு தாளைக் கொடுத்து, காற்றாடியை ஊதுவது போல மூன்று நிமிடம் விடாமல் ஊதச் சொன்னார். இரண்டு நிமிடம் முடிவதற்குள் அவள் ஊதுவதை நிறுத்தினாள். கண்கள் வெறித்தன. அதே சன்னல் பார்வை. "இதுவா?" என்றார் மருத்துவர். இதுவேதான்.

கீழே விழாமல், கைகால் இழுக்காமல், சில விநாடி நினைவு மட்டும் அறுந்துபோகின்ற இதுவும் வலிப்பில் ஒரு வகை. மூச்சை வேகமாக இழுத்து விட்டால் இவ்வகை வலிப்பு தூண்டப்படும் என்பதால்தான் அந்தத் தாள் வித்தை. பின்னர் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிந்தார்கள். அந்தத் தாளில் விநாடிக்கு மூன்று வீதம், சீப்பின் பற்கள் போல, கூரிய முனையும் வட்டமான அலையும் மாறி மாறி வந்திருந்தன.

ஊருக்குத் திரும்பியதும் அவளுடைய கட்டுரை ஏட்டைப் புரட்டிப் பார்த்தோம். "மழை பெய்" என்று எழுதி, அங்கிருந்து பென்சில் கோடு சரிந்து இரண்டு வரி கீழே இறங்கியிருந்தது. அதன் பிறகு "கிறது" என்று தொடர்ந்திருந்தது. அக்கோட்டின் மேல் நம் சிவப்பு மையில் "கவனக்குறைவு" என்று இருந்தது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

அந்தத் தாளில் கண்ட அலைகளை முதன்முதலில் மனிதத் தலையிலிருந்து பதிந்தவர் செருமனியின் எனா நகரத்து மருத்துவர் ஆன்சு பெர்கர். ஆண்டு 1924. அவர் கூச்ச குணமுள்ளவர். தாம் கண்டதைத் தாமே நம்பாமல் ஐந்தாண்டுகள் சோதித்துப் பார்த்து, 1929-இல்தான் வெளியிட்டார். மூளையின் மின்சாரம் தலையோட்டையும் தோலையும் கடந்து வெளியே வரும்போது அதன் அளவு மிகச் சிறியதாகிவிடுகின்றது. ஒரு டார்ச் விளக்கு பேட்டரியின் மின்னழுத்தத்தை முப்பதாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு இருக்கலாம். இதை அளந்தேன் என்று ஒருவர் சொன்னால் யார் நம்புவார்கள்? 1934-இல் கேம்பிரிட்ஜில் நோபல் பரிசு பெற்ற அட்ரியன் தாமும் அதையே பதிந்து காட்டிய பின்னர்தான் உலகம் பெர்கர் பக்கம் திரும்பியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1935-இல், அமெரிக்காவின் பாசுடன் நகரில் கிப்சு, டேவிசு, லெனாக்சு என்பவர்கள் ஓர் உண்மையைக் கண்டார்கள். வெறித்துப் பார்க்கும் வலிப்பு வரும் குழந்தைகளின் மூளையில், அந்த நேரத்தில் மட்டும், விநாடிக்கு மூன்று வீதம் கூரலைகள் எழுகின்றன. ஈப்போவில் நாம் கண்ட சீப்புப் பற்கள் இவையே. முயலகன் முதன்முறையாகத் தாளில் கையொப்பம் இட்டான்.

இந்தக் கலை தமிழ் மண்ணுக்கு வந்ததும் சுவையான செய்திதான். கனடாவின் மொன்ட்ரியால் நரம்பியல் கழகத்தில் பென்ஃபீல்டு என்னும் பேரறிஞரிடம் பயின்ற டாக்டர் சேக்கப் சாண்டி, 1949-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். மறு ஆண்டு, 1950-இல், சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் பா. ராமமூர்த்தி அத்துறையைத் தொடங்கினார். நம் பெற்றோர் காலத்தில் இங்கிருந்து கப்பலேறி வேலூருக்கும் சென்னைக்கும் வைத்தியம் பார்க்கப் போனவர்கள் உண்டு. அவர்களுள் சிலரேனும் இவர்கள் வாசலில் காத்திருந்திருப்பார்கள்.

ஆனால் ஒரு சிக்கல் இருந்தது. கருவி மருத்துவமனையில் இருக்கின்றது. வலிப்போ வீட்டில் வருகின்றது. தலையில் கம்பிகளை ஒட்டிக்கொண்டு அரைமணி நேரம் படுத்திருக்கும் நோயாளிக்கு அந்த அரைமணியில் ஒன்றும் வராமல் போகலாம். சந்தையில், குளிக்குமிடத்தில், நள்ளிரவுத் தூக்கத்தில் வரும். ஆகவே கருவியை நோயாளியோடு அனுப்ப வேண்டும் என்று எண்ணியவர் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து நார்மன் ஓல்ட்டர். இன்று இதயத் துடிப்பை நாள் முழுதும் பதியும் கருவிக்கு அவர் பெயர் வழங்குகின்றது. ஆனால் அவர் முதலில் முயன்றது மூளை அலைகளைத்தான். 1940-களின் இறுதியில் இதயத்துக்காக அவர் செய்த கருவியை முதுகில் சுமக்க வேண்டும். எடை ஏறக்குறைய 38 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பை நான்கைச் சுமந்துகொண்டு நடப்பதாக எண்ணிப் பாருங்கள். அதிலிருந்து குறிகள் கம்பியின்றி, வானொலி அலைகள் வழியே, வேறிடத்திலுள்ள பதிவுக் கருவிக்குப் போயின. வானொலிப் பேச்சில் இதைச் சொல்வதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. இதயத்தின் மின் குறி மூளையினதைக் காட்டிலும் பலமடங்கு வலியது என்பதால்தான் ஓல்ட்டர் இதயத்தின் பக்கம் போய்விட்டார். திரான்சிசுடர் வந்து கருவிகள் சுருங்கிய பிறகு, 1961-இல் சட்டைப்பை அளவுக்கு வந்த இதயக் கருவியைப் பற்றி அறிவியல் இதழில் எழுதினார்.

மூளைக்கு அந்த வசதி வருவதற்கு நாம் எல்லாரும் அறிந்த ஒரு பொருள் துணை செய்தது. அதுதான் கேசட். 1975-இல், டாக்டர் சாண்டி பயின்ற அதே மொன்ட்ரியால் கழகத்தில், ஐவ்சு, ஊட்சு என்னும் இருவர் நான்கு தடங்களில் 24 மணி நேரம் மூளை அலைகளைப் பதியும் கேசட் கருவியைச் செய்தார்கள். நோயாளி அதை இடுப்பில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடலாம், தூங்கலாம், சண்டை போடலாம். தோட்டத்து லயங்களில் சினிமாப் பாட்டு ஒலித்த கேசட்டின் உறவுக்காரன் ஒருவன் வேறொரு நாட்டில் மனித மூளையின் பாட்டைப் பதிந்துகொண்டிருந்தான்.

ஆயினும் தலையில் பசையும் கம்பியுமாக எத்தனை நாள் இருக்க முடியும்? ஓராண்டு முழுதும் அணியக்கூடியதாக வேண்டுமென்றால் அது மணிக்கட்டுக்கு வந்தாக வேண்டும். அந்தக் கதையில் ஒரு தற்செயல் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியை ரோசலிண்டு பிக்கார்டு, மனக்கிளர்ச்சியின்போது தோலில் வியர்வை சுரந்து மின்சாரம் பாயும் தன்மை மாறுவதை அளக்கும் கைப்பட்டைகளைச் செய்திருந்தார். அவருடைய மாணவர் ஒருவருக்கு ஆட்டிசம் உள்ள தம்பி. பேச்சு வராத பிள்ளை. எதனால் தம்பி துன்பப்படுகிறான் என்று அறிய, விடுமுறையில் இரண்டு பட்டைகளை வீட்டுக்கு எடுத்துப்போய் அவனுடைய இரு கைகளிலும் கட்டினார் அந்த மாணவர். திரும்பி வந்த பதிவில் ஒரு கையில் மட்டும் மலைபோல ஒரு குறி. மறு கையில் ஒன்றுமில்லை. கருவி பழுது என்றுதான் பேராசிரியை முதலில் எண்ணினார். மனம் கேளாமல் மாணவரை அழைத்து, அந்த நாள், அந்த நேரம் என்ன நடந்தது என்று கேட்டார். மாணவர் நாட்குறிப்பைப் பார்த்துச் சொன்னார்: அதற்குச் சற்றுப் பின்னே தம்பிக்குப் பெரிய வலிப்பு வந்தது.

இதிலே நாம் கவனித்த செய்தி ஒன்று. கருவி பேசியது மெய்தான். ஆனால் அது பேசியதற்குப் பொருள் சொன்னது ஒரு குடும்பத்தின் நாட்குறிப்பு. அவர்கள் எழுதி வைத்திருக்காவிட்டால் அந்த மலை, பழுதான கருவியின் கிறுக்கலாகவே போயிருக்கும்.

அந்தத் தற்செயலிலிருந்து வளர்ந்த எம்பிரேசு என்னும் கைக்கருவி, தோலின் மின் தன்மையையும் கையின் அசைவையும் சேர்த்து அளந்து, உடல் முழுதும் இழுக்கும் வலிப்பு வந்தால் வீட்டாரின் தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகின்றது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் பெரியவர்களுக்கும் 2019-இல் ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதை ஏற்றது. தூக்கத்தில் வரும் வலிப்பை அறிவிப்பது ஏன் பெரிய காரியம்? வலிப்பு நோயுள்ள பெரியவர்கள் ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவர், ஆண்டுதோறும், வேறு காரணம் தெரியாமல் திடீரென இறக்கின்றனர். பெரும்பாலும் இரவில், தனியே. அருகில் ஒருவர் இருந்து புரட்டிப் படுக்க வைத்தால் அந்த ஆபத்து குறைகின்றது.

வலிப்பைப் போலவே மருத்துவரின் அறைக்குள் சரியாக முகம் காட்டாத இன்னொரு நரம்பு நோய் உண்டு. வயதானவர்களுக்கு வரும் நடுக்குவாதம். கை நடுங்கும், நடை குறுகும், முகம் மரத்துப்போகும். 1817-இல் இலண்டன் மருத்துவர் சேம்சு பார்க்கின்சன் இதைப் பற்றி எழுதியபோது ஆறே நோயாளிகளைத்தான் விவரித்தார். அவர்களிலும் மூவரைத் தெருவில் கண்டவர் அவர். நோயை அறைக்கு வெளியே பார்க்க வேண்டும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான். பின்னர் பாரிசில் சார்க்கோ என்னும் மருத்துவர், நாடித்துடிப்பை வரைவதற்காக மணிக்கட்டில் கட்டும் கருவியைக் கொண்டு நடுக்கத்தையே கோடாக வரைந்தார். நோயாளியின் தொப்பியில் நீண்ட இறகைச் செருகி, தலை ஆடுகிறதா என்று பார்த்ததாகவும் சொல்வார்கள். நம் காலத்து மணிக்கட்டுக் கருவிகளுக்கு இவர்தான் பாட்டனார் எனலாம்.

நடுக்குவாதத்தின் மருந்துக் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. நம்மில் பலர் அதை அறியோம். பூனைக்காலி என்னும் கொடியை நாட்டு மருத்துவர்கள் அறிவார்கள். அதன் காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கும். 1937-இல் சென்னைப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்னும் இருவர் அதன் விதையிலிருந்து எல்-டோப்பா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அப்போது அது எதற்குப் பயன்படும் என்று உலகில் யாருக்கும் தெரியாது. 1960-இல் வியன்னாவின் ஆர்னிகீவிச், நடுக்குவாதக்காரர்களின் மூளையில் டோப்பமின் என்னும் பொருள் வற்றியிருப்பதைக் கண்டார். எல்-டோப்பா மூளைக்குள் சென்று டோப்பமினாக மாறும். 1967-இல் கோட்சியாசு என்பவர் அதைச் சிறுகச் சிறுகக் கூட்டி அதிக அளவில் கொடுத்து, நாற்காலியோடு கிடந்தவர்களை எழுந்து நடக்க வைத்தார். இன்றும் அந்நோய்க்கு முதல் மருந்து அதுவே. நம் ரப்பர், செம்பனைத் தோட்டங்களில் மண்ணை மூடப் படரவிடும் மூக்குனா கொடியும் பூனைக்காலியின் இனத்தைச் சேர்ந்ததுதான். உடனே அதைப் பறித்துக் கசாயம் வைத்துவிடாதீர்கள். மருந்தின் அளவு தெரியாமல் கொடியைத் தின்பது ஆபத்து.

அந்த அளவுதான் இங்கே பேச்சு. நோய் சில ஆண்டுகள் முற்றிய பிறகு, மருந்து போட்டால் சிறிது நேரம் நன்றாக இருக்கும். பிறகு உடம்பு கட்டையாகிவிடும். மருந்து கூடினால் கைகால் தாமாக நெளியும். மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் நோயாளியைப் பத்து நிமிடம் பார்க்கும் மருத்துவருக்கு இதில் எது தெரியும்? காலையில் எப்படி, மத்தியானம் எப்படி என்று கேட்டால் பெரியவர்கள் "ஏதோ இருக்கிறேன் ஐயா" என்றுதான் சொல்வார்கள். ஆசுதிரேலியாவின் மெல்பர்ன் நகரில் மால்கம் ஓர்ன் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதற்கென ஒரு கைக்கருவி செய்தார்கள். அதை நோயாளி ஏறக்குறைய ஆறு நாள் கட்டியிருப்பார். மருந்து நேரத்தில் அது அதிர்ந்து நினைவூட்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, அசைவு மந்தமா, மிகையா என்று கணக்கிடும். முடிவில் மருந்து எத்தனை மணிக்கு வேலை செய்தது, எத்தனை மணிக்கு ஓய்ந்தது என்பது படமாக மருத்துவர் கைக்கு வரும். 2012-இல் ஆய்வுக்கட்டுரை வந்தது. 2014-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. இக்கருவிக்குள் இருப்பது அசைவின் வேகமாற்றத்தை அளக்கும் சிறு சில்லு. 1990-களில் மோட்டார் வண்டிகள் மோதும்போது காற்றுப்பையை விரிக்கச் செய்தவையும் இவ்வகைச் சில்லுகளே. நடுக்குவாதத்தில் கை விநாடிக்கு நான்கு முதல் ஆறு முறை ஆடும். சில்லுக்கு அதை எண்ணுவது எளிது.

இங்கே சென்னையின் டாக்டர் டி. எஸ். கனகாவை நினைக்காமல் போக முடியாது. ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் எனப் போற்றப்படுபவர். டாக்டர் ராமமூர்த்தியின் துறையில் வளர்ந்தவர். 1975-இல் இந்தியாவில் முதன்முதலாக மூளைக்குள் மின்முனையை நிலையாகப் பதித்தவர் என்பது அவர் பெருமை. மூளையை மின்சாரத்தால் தூண்டி நடுக்கத்தை அடக்கும் முறை பிரான்சின் பெனாபிடு வழியே 1987-க்குப் பின்னர்தான் உலகெங்கும் பரவியது. ஆண்கள் மட்டுமே கத்தி பிடித்த ஒரு துறையில் ஒரு தமிழ்ப் பெண் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மின்முனையைக் கையில் எடுத்தார். 2018-இல் அவர் காலமானார். நம் பள்ளிப் பாடநூல்களில் அவர் பெயரை நாம் கண்டதில்லை.

வேலூரும் இந்த வரலாற்றில் இன்னும் தொடர்கின்றது. பக்கவாதத்தால் ஒரு கை விழுந்தவர்கள் வீட்டில் அந்தக் கையை மெய்யாகவே பயன்படுத்துகிறார்களா என்பதை இரு மணிக்கட்டிலும் அசைவு உணரிகளைக் கட்டி அளக்கும் ஆய்வுகளை அங்குள்ள உயிர்ப்பொறியியல் துறையினர் செய்து வருகின்றனர். மருத்துவமனையில் கையைத் தூக்கிக் காட்டுபவர், வீட்டில் நல்ல கையாலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்வார். மணிக்கட்டுக் கருவி அதையும் சொல்லிவிடும்.

நோய் வருவதற்கு முன்பே சொல்லுமா? 2023-இல் பிரிட்டனின் கார்டிஃபு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் 2013 முதல் 2016 வரையிலான காலத்தில் ஒரு வாரம் கட்டியிருந்த கைக்கருவிப் பதிவுகளை ஆராய்ந்தார்கள். பின்னாளில் நடுக்குவாதம் கண்டவர்களின் அசைவு, நோய் உறுதியாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, ஏழாண்டு வரையிலும்கூட, மந்தப்பட்டிருந்தது. தடுக்கும் மருந்து இல்லாத நோயை ஏழாண்டு முன்னதாக அறிந்து என்ன செய்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மருந்து தேடுகிறவர்களுக்கு அது பயன்படும். நமக்குப் பயன்படுமா என்பது வேறு.

இவ்வளவு சொன்ன பிறகு, நம் வகுப்புச் சிறுமிக்கு இந்தக் கருவிகளில் ஒன்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நேயர்கள் கேட்கக்கூடும். ஒன்றும் ஆகியிருக்காது. கைகால் இழுக்காமல் வெறுமனே வெறித்துப் பார்க்கும் வலிப்பை மணிக்கட்டுக் கருவி பிடிப்பதில்லை. கை அசைந்தால்தான் அதற்குத் தெரியும். அவளைப் பிடித்திருக்க வேண்டியது எதிரே நின்ற ஆசிரியர்தான். கருவிக்கு விலையும் உண்டு, மாதச் சந்தாவும் உண்டு. செய்தி அனுப்பத் தொலைபேசி அலை வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஆலைப் பக்கம் போனால்தான் அலை கிடைக்கும். பல் துலக்கும்போதும் கை தட்டும்போதும் பொய்யாக அலறுவதும் உண்டு. உலகில் வலிப்பு நோயுள்ளவர் ஏறக்குறைய ஐந்து கோடிப் பேர். சரியான மருந்து ஒழுங்காகக் கிடைத்தால் அவர்களுள் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அந்த மருந்துகள் பழையவை, மலிவானவை. நம் சிறுமிக்கும் மருந்தே போதுமானதாக இருந்தது. இவ்வகை வலிப்பு வளர வளரப் பலருக்கு நின்றும் விடுகின்றது. அவள் இப்போது இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள்.

அதற்குப் பிறகு நாங்கள் ஆசிரியர் அறையில் ஒரு நீள நோட்டை வைத்தோம். யார், எந்த நேரம், எத்தனை விநாடி, எந்தக் கை முதலில் என்று நான்கு பத்திகள். சென்ற ஆண்டு காலைச் சபையில் ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் விழுந்து கைகால் இழுக்கத் தொடங்கினான். தோட்டக்காரர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தார். "அண்ணே, சாவி வேண்டாம், வெயில் படாம நில்லுங்க" என்று அவரை நிழலுக்கு நிறுத்தினோம். பையனை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தோம். தலைக்கடியில் பள்ளிப் பையை வைத்தோம். வாயில் எதையும் வைக்கவில்லை, கையையும் பிடித்து அமுக்கவில்லை. நம் கையிலிருந்த சாதாரண முள் கடிகாரத்தைப் பார்த்தோம். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே வண்டியில் ஏற்ற வேண்டும் என்பதற்காகக் கிராணியின் வண்டி வாசலில் வந்து நின்றது. இரண்டு நிமிடம் இருபது விநாடியில் நின்றுவிட்டது. வலக்கை முதலில்.

அவன் தகப்பனார் அந்த நோட்டின் தாளைக் கிழித்து வாங்கிக்கொண்டு போனார். மருத்துவர் அதை அவனுடைய அட்டையோடு சேர்த்துக் குத்தி வைத்துக்கொண்டாராம்.